கற்பனை நாடுகளின் எல்லைச் சண்டை: வன்னியிலிருந்து ஒரு விளக்கம்

இலங்கையின் வடக்கே பளையில் குடியிருப்பவர் கிளிநொச்சி மாவட்டத்துக்காரர். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரு அலுவல் என்றால் ஆனையிறவைத் தாண்டித் தெற்கே வருவார். ஆனால் அவருடைய ஊர் இருப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தில். தேர்தல் வந்தால் அவருடைய வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டக் கணக்கில் சேரும். அவர் வன்னிக்காரரா என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை.

கிளிநொச்சி நகரமும் இப்படித்தான். வன்னியின் நடு என்று எல்லாரும் சொல்லும் ஊர் அது. ஆனால் வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான். கிளிநொச்சி அதற்குள் இல்லை. 1984 இல் தனி மாவட்டம் ஆகும்வரை அது யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது. நிர்வாகத்தில் பிரிந்த பிறகும் தேர்தல் கணக்கில் பிரியவில்லை.

கற்பனை உலகக் கதைகளை ஊன்றி வாசிக்கிறவர்களிடையே ஓயாமல் நடக்கும் ஒரு சண்டைக்கு இதுதான் திறப்பு. இந்தக் கோட்டை எந்த அரசுக்குச் சொந்தம், அந்த ஆற்றுக்கு அப்பால் யாருடைய ஆட்சி, வரைபடத்தில் கோடு இல்லாத இடத்தை யார் பெயரில் எழுதுவது என்று நாள் கணக்கில் வாதிடுவார்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது வேலையற்ற வேலையாகத் தெரியும். அப்படியில்லை. உண்மையான நாடுகளின் எல்லைகள் எப்படி உண்டாகின்றன என்பதைப் படிக்க இதைவிட நல்ல பயிற்சி குறைவு. வாதம் முடியாமல் இழுபடுவதற்குக் காரணம், இரண்டு தரப்பும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்வதுதான். அந்தக் கேள்விகளைப் பிரித்துப் பார்ப்போம். கற்பனை உலகுக்கு எடுத்துக்காட்டாக ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தன் கதைகளுக்காகப் படைத்த மிடில் எர்த் என்ற உலகை எடுத்துக்கொள்கிறேன். எல்லைகளைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதிவைத்தவர்கள் சிலரே.

எல்லை என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு

1. சட்ட எல்லை. உறுதி, சாசனம், உடன்படிக்கை சொல்வது. நிலத்தில் ஆள் இருக்கிறாரோ இல்லையோ, எழுத்தில் இருக்கும்.

2. கட்டுப்பாட்டு எல்லை. யாருடைய காவலாள் வழியில் மறித்துப் பெயர் கேட்கிறான் என்பது.

3. திறை எல்லை. வரியும் திறையும் யாரிடம் போய்ச் சேருகின்றன, கூப்பிட்டால் யார் வருகிறார்கள் என்பது.

4. மக்கள் எல்லை. என்ன மொழி, எந்தக் கோயில், பெண் கொடுத்து எடுப்பது எந்த ஊரோடு என்பது.

இந்த நான்கும் ஒரே கோட்டில் விழுவது அரிது. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2002 இல் வந்த போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 வீதி திறந்த காலத்தை வன்னியில் வாழ்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஓமந்தையில் ஒரு கடவை, முகமாலையில் ஒரு கடவை. பஸ்ஸால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் கொடுத்து, அப்புறம் இடைப்பட்ட நிலத்தைக் கடந்து, மறுபக்கத்தில் இன்னொரு முறை அதே சோதனை. இது கட்டுப்பாட்டு எல்லை. ஆனால் அதே காலத்தில் கிளிநொச்சிக் கச்சேரியில் வேலை செய்தவர்களின் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. பிள்ளைகள் நாடு முழுதும் நடந்த அதே க.பொ.த. பரீட்சையை எழுதினார்கள். எந்த அச்சிட்ட மாவட்டப் படத்திலும் ஓமந்தையில் சர்வதேச எல்லைக் கோடு இருக்கவில்லை. ஒரே நிலத்தின்மேல் இரண்டு எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. 2006 ஆகஸ்டில் வீதி மூடப்பட்டது.

கற்பனை உலகைப் பற்றி வாதிடும்போது ஒருவர் முதல் எல்லையைச் சொல்வார், மற்றவர் இரண்டாவதைச் சொல்வார். அங்கேயே வாதம் முட்டி நின்றுவிடும்.

கோடு இல்லாத காலத்தில் எல்லையை எப்படிச் சொன்னார்கள்

நில அளவையாளரும் அளவுச் சங்கிலியும் வருவதற்கு முன், ஒரு நாட்டைச் சுற்றிக் கோடு போடுவது யாருக்கும் தேவைப்படவில்லை. தமிழர் தம் நிலத்தின் எல்லையைச் சொன்ன பழைய வரி ‘வடவேங்கடம் தென்குமரி ஆயிடை’ என்பது. இரண்டே இரண்டு அடையாளங்கள், அவற்றுக்கு இடைப்பட்டது தமிழ் வழங்கும் உலகம். மேற்கும் கிழக்கும் சொல்லப்படவில்லை, கடல் இருக்கிறதே. சோழநாட்டின் எல்லையைச் சொல்லும் தனிப்பாடல் கிழக்கே கடல், தெற்கே வெள்ளாறு, மேற்கே கோட்டைக்கரை என்று சொல்லி, இருபத்துநான்கு காதம் என்று பரப்பையும் சேர்த்துக்கொள்ளும்.

டோல்கீன் ஷயர் என்ற, ஹொபிட்டுகள் எனப்படும் சிறிய மனிதர்களின் நாட்டை அறிமுகப்படுத்தும் விதமும் அச்சாக இதுதான். மேற்கே ஒரு குன்றுத்தொடரிலிருந்து கிழக்கே பிராண்டிவைன் ஆற்றுப் பாலம் வரை நாற்பது லீக், வடக்கு மேட்டு நிலத்திலிருந்து தெற்குச் சதுப்புவரை ஐம்பது லீக். ஒரு லீக் மூன்று மைல் என்று கொண்டால் நாற்பது லீக் ஏறத்தாழ 190 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியால் போகும் தூரத்தைவிடக் கூட. நான்கு அடையாளங்கள், இரண்டு தூரங்கள். இவற்றை வைத்துக்கொண்டு ஒருவர் வரைபடத்தில் கோடு கீறினால், அந்தக் கோடு கீறியவருடையது.

ஆனால் பழைய காலத்தில் எல்லையே துல்லியமாக இருக்கவில்லை என்று நினைப்பதும் தவறு. சோழர் செப்பேடுகளில் ஊர்த்தானம் கொடுத்த இடங்களைப் பாருங்கள். பெண் யானையை நடத்திச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை குறித்தார்கள். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த சாசனம், இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்ன வரம்புக்குத் தெற்கு என்று அடி அடியாக நடந்துபோகும். பேரரசின் வடக்கு எல்லை மங்கலாக இருந்த அதே காலத்தில் ஒரு சிற்றூரின் எல்லை முழக் கணக்கில் இருந்தது.

இதற்குக் காரணம் நெல். விளைச்சல் எங்கே உண்டோ அங்கே வரி உண்டு. வரி உள்ள இடத்தில் எல்லை கூர்மையாகும். காட்டில் அது கரைந்துபோகும்.

வன்னியில் ஒரு வயல் காணியின் எல்லை இப்படி இருக்கும்: வடக்கு ஒழுங்கை, கிழக்கு இன்னாரின் காணி, தெற்கு வாய்க்கால், மேற்கு காடு. மூன்று பக்கம் விரல் வைத்துக் காட்டலாம். பக்கத்துக் காணிக்காரர் ஒவ்வொரு காலபோகத்துக்கும் வரம்பு கட்டும்போது மண்வெட்டியால் நாலு விரல் தன் பக்கமாகச் செதுக்கினால், மூன்றாம் போகத்தில் சண்டை வந்துவிடும். நடக்க இடமில்லாமல் வரம்பு மெலிந்து போவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் நாலாவது பக்கம்? காடு எங்கே தொடங்குகிறது என்பது போன வருடம் எவ்வளவு வெட்டினார்கள், இந்த வருடம் விடத்தலும் சூரைமுள்ளும் எவ்வளவு முளைத்தன என்பதைப் பொறுத்தது. ஒரே காணிக்குள் இரண்டு வகை எல்லை.

கற்பனை உலகின் வரைபடத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். சனம் எங்கே பயிர் செய்கிறது? அந்தப் பக்கத்தில் கோடு கேட்பது நியாயம். மலையும் காடும் பாழ்நிலமும் உள்ள பக்கத்தில் கோடு கேட்பது, கதையில் இல்லாத ஒன்றைக் கேட்பது.

கூப்பிட்டால் வருவாரா: வன்னிமைகளின் பாடம்

வன்னியின் பழைய பெயர் அடங்காப்பற்று. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று பற்றுகளாகப் பிரிந்து, வன்னியர் எனப்பட்ட தலைவர்களின் கீழ் இருந்தது. யாழ்ப்பாண அரசர்களுக்கும், பிறகு போர்த்துக்கீசருக்கும், 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தருக்கும் இவர்கள் திறை கொடுக்கவேண்டியவர்கள். திறையாகக் கேட்கப்பட்டது யானை.

கொடுக்கவேண்டியவர்கள் என்பது சட்டம். கொடுத்தார்களா என்பது வேறு. பனங்காமத்துக் கயிலாய வன்னியன் ஒல்லாந்தர் கூப்பிட்டும் யாழ்ப்பாணம் போய்ப் பணிந்து நிற்காமல் நீண்டகாலம் இருந்தவன். கண்டி இராசசிங்கனின் பிடியிலிருந்து 1679 இல் தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் மல்வத்து ஓயாக் கரையோடு காட்டுக்குள்ளால் நடந்து அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இடையில் அவர் கடந்தது இந்த வன்னியனின் நிலத்தை. 1681 இல் இலண்டனில் அச்சான நொக்ஸின் நூலோடு வந்த இலங்கைப் படத்தில், கண்டி இராச்சியத்துக்கு வடக்கே அந்த நிலத்துக்குக் கயிலாய வன்னியனின் நாடு என்றே பெயர் போட்டிருக்கிறது. ஒல்லாந்தர் கணக்கில் திறைக்கடன் உள்ள சிற்றரசன். கண்டியிலிருந்து வந்தவர் படத்தில் தனி நாடு. இரண்டும் அதே காலத்துப் பதிவுகள்.

இப்படியான அமைப்பை விளக்கத்தான் தென்கிழக்காசிய வரலாற்றாய்வில் மண்டல அரசு என்ற கருத்து வந்தது. நடுவில் அரசன் விளக்குப்போல இருக்கிறான். கிட்ட நிற்பவன்மேல் வெளிச்சம் கூட, எட்டப் போகப்போக மங்கல். இரண்டு விளக்குகளுக்கு நடுவில் நிற்பவன்மேல் இரண்டு வெளிச்சமும் விழும். அவன் இரண்டு பக்கமும் திறை கொடுப்பான், அல்லது இரண்டு பக்கமும் கொடுக்காமல் காலம் கடத்துவான். இலங்கைத் தமிழரான மானிடவியலாளர் எஸ். ஜே. தம்பையா, தாய்லாந்தை ஆராய்ந்தபோது இதே அமைப்பை விண்மீன் கூட்டத்துக்கு ஒப்பிட்டு எழுதினார்.

இப்போது டோல்கீனின் உலகில் குதிரைவீரர்களின் நாடான ரோஹானின் மேற்கு எல்லையைப் பாருங்கள். ஐசன், அடோர்ன் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்துக்கு மேலே ஒரு முக்கோண நிலம். அந்த உலகின் ஆண்டுக் கணக்கில் மூன்றாம் யுகம் 2510 இல், பக்கத்து அரசான கொண்டோரின் ஆட்சிக் காவலர் கிரியோன், குதிரைவீரர் தலைவன் எயோர்லுக்குக் கொடுத்த கொடையில் இந்த முக்கோணமும் அடங்கும். சட்டப்படி ரோஹான் நிலம். 2754 அளவில் அடோர்ன் ஆற்றின் இருகரையிலும் நிலம் வைத்திருந்த ஃபிரேகா என்ற பெருந்தலைவன், அரசன் ஹெல்ம் சபைக்கு அழைத்தால் தனக்கு மனம் வந்தபோது மட்டும் வருவான். பிறகு பக்கத்து டன்லாந்துக்காரர் அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபோல்க்வைன் என்ற அரசன் அதை மீட்டான். மீட்ட பிறகும் அங்கே இருந்த சனம் பெரும்பாலும் கலப்பு இரத்தத்தவர், தலைநகரின்மேல் பற்றுக் குறைந்தவர்கள்.

ரோஹானா டன்லாந்தா என்று சண்டை பிடிக்கிறவர்கள் ஒல்லாந்தர் கணக்கையும் நொக்ஸின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். அந்த முக்கோணம் ரோஹானின் பனங்காமம்.

ஷயரும் இதே வகைதான். மூன்றாம் யுகம் 1601 இல் ஆர்தடைன் என்ற வடக்கு அரசின் அரசன் அதைக் கொடுத்தபோது போட்ட நிபந்தனைகள்: பெரிய பாலத்தையும் மற்றப் பாலங்கள், வீதிகளையும் பழுதில்லாமல் வைத்திருக்கவேண்டும், அரசனின் தூதர் போக வழிசெய்யவேண்டும், அவன் தலைமையை ஏற்கவேண்டும். அரசு அழிந்த பிறகும் ஹொபிட்டுகள் அங்கேயே இருந்தார்கள். அரசன் இல்லாத நாட்டில் ஷயர் தனி நாடா, பழைய அரசின் பகுதியா? முதல் எல்லையைக் கேட்டால் பகுதி. மற்ற மூன்றையும் கேட்டால் தனி.

ஆறு எல்லையாகுமா

கற்பனை உலகம் படைப்பவர்கள் அதிகம் நம்புவது ஆற்றை. பார்க்க அழகு, கீறச் சுலபம். ஆனால் உலர்வலயத்து ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வரும். பறங்கியாறும் பாலியாறும் மார்கழியில் மரத்தையே இழுத்துக்கொண்டு ஓடும். ஆவணியில் மணலில் நடந்து கடக்கலாம். வருடத்தில் சில மாதம் மட்டும் படையைத் தடுக்கும் எல்லை அது. போர் எந்த மாதத்தில் நடக்கிறது என்பது கதையில் வராவிட்டால், ஆற்றை அரணாக வைத்த வாதம் அரைகுறை.

இன்னொன்று, ஆறு நகரும். சர்வதேச வழக்கில் பொதுவாக இரண்டு விதி: கொஞ்சம் கொஞ்சமாகக் கரை அரித்து நகர்ந்தால் எல்லையும் கூட நகரும், வெள்ளத்தில் திடீரென்று புது வழியில் பாய்ந்தால் எல்லை பழைய வழியிலேயே நிற்கும். அமெரிக்காவும் மெக்சிக்கோவும் ரியோ கிராண்ட் ஆறு இடம்மாறியதால் ஒரு துண்டு நிலத்துக்காகப் பல பத்தாண்டுகள் வாதாடி 1963 இல்தான் உடன்பட்டன.

ஆறு எல்லையாக இருந்ததற்கு நல்ல சான்று பெயர். மல்வத்து ஓயா என்று அனுராதபுரத்தைக் கடக்கும் ஆறு, மன்னார்ப் பக்கம் வரும்போது அருவியாறு. தண்ணீர் ஒன்றுதான். பெயர் மாறும் இடத்தில் பேச்சு மாறுகிறது. டோல்கீன் மொழியறிஞர், ஆகவே இதை விடவில்லை. ரோஹானும் கொண்டோரும் சந்திக்கும் ஓடைக்கு இரண்டு மொழியில் இரண்டு பெயர், இரண்டுக்கும் பொருள் எல்லை ஓடை என்பதே. இப்படிப் பெயரிலேயே எல்லை இருந்தால் அதைப் பலமான சாட்சியாக எடுக்கலாம்.

குளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் சொல்கிறேன். மன்னார்க் கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீர், அருவியாற்றில் தேக்கம் அணைக்கட்டிலிருந்து வாய்க்காலால் வருகிறது. தேக்கத்தை ஒரு அரசும் வயலை இன்னொரு அரசும் வைத்திருந்தால், கோடு எங்கே இருந்தாலும் துருசைத் திறப்பவன்தான் ஆளுகிறான். நீர்ப்பாசனம் உள்ள ஒரு கற்பனை உலகில் அணையும் வயலும் வேறு வேறு அரசிடம் இருந்தால், அந்த எல்லை நெடுநாள் நிலைக்காது என்று துணிந்து வாதிடலாம்.

வரைபடமும் எழுத்தும் முரண்பட்டால்

அச்சிட்ட படத்தில் ஒரு சென்ரிமீற்றர் ஐம்பது கிலோமீற்றர் என்றால், ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள கோடு நிலத்தில் ஐந்து கிலோமீற்றர் அகலம். கிளிநொச்சி நகரிலிருந்து பரந்தன் சந்திக்குப் போகும் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குள் ஒரு கிராமம் முழுதாக மறையும். அதை வைத்து ஒரு காவற்கோபுரம் எந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

யார் கீறிய படம் என்பதும் முக்கியம். மிடில் எர்த் படத்தை 1954 பதிப்புக்கு அச்சுக்கேற்றபடி கீறியவர் டோல்கீனின் மகன் கிறிஸ்தோபர். 1980 இல் அவரே அதைத் திருத்தி மறுபடி கீறினார். கொண்டோருக்குத் தெற்கே உள்ள பகுதிக்கு அந்தப் படத்தில் கோடே இல்லை. உரிமை வழக்கில் உள்ள, பாழான நிலம் என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டும் உண்டு. படத்தை ஆக்கியவர்களே வழக்கு என்று எழுதிவிட்டார்கள். அங்கே கோடு போட்டு வரும் பிற்காலப் படங்களை ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத்து ஒன்று சொல்லி, படம் இன்னொன்று காட்டினால்? பலர் எழுத்துதான் மேல் என்பார்கள். அது எப்போதும் சரிவராது. கம்போடியா–தாய்லாந்து எல்லையில் உள்ள பிரேயா விகார் சிவன் கோயில் வழக்கு இதற்கு நல்ல பாடம். 1904 உடன்படிக்கை, மலையின் நீர்பிரி கோடே எல்லை என்றது. பிறகு பிரெஞ்சுக்காரர் கீறிய படம் கோயிலைக் கம்போடியப் பக்கம் வைத்தது. சயாம், அதாவது அன்றைய தாய்லாந்து, அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு பல வருடம் மறுப்புச் சொல்லவில்லை. 1962 இல் சர்வதேச நீதிமன்றம் கோயில் கம்போடியாவுடையது என்று தீர்த்தது. பேசவேண்டிய காலத்தில் பேசாமல் இருந்ததே தீர்ப்பைத் திருப்பியது. ஆகவே கற்பனை உலகிலும், தன் கண்முன் பிழையான படம் அச்சாகி வந்தபோது படைத்தவர் திருத்தினாரா, விட்டுவிட்டாரா என்று பார்க்கவேண்டும்.

வாதிடும் ஒழுங்கு

1. எந்த ஆண்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஷயருக்கு மேற்கே உள்ள பகுதி, டோல்கீன் கதையின் பெரும்போர் முடிந்து பல வருடம் கழித்துத்தான் அரசனின் கொடையாகச் சேர்ந்தது. பிராண்டிவைனுக்குக் கிழக்கே உள்ள பக்லாந்து அப்போதுதான் முறைப்படி உள்ளே வந்தது. ஆண்டைச் சொல்லாமல் ஷயரின் எல்லையைக் கேட்பது, 1983 ஐயும் 1985 ஐயும் சேர்த்துக் கிளிநொச்சி எந்த மாவட்டம் என்று கேட்பதுபோல.

2. நான்கு எல்லையில் எதைக் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். பாதிச் சண்டை இங்கேயே அடங்கும்.

3. அந்த இடத்தில் எல்லை தேவைப்பட்டதா என்று பாருங்கள். வயலா, வீதியா, கோபுரமா, வெறும் காடா? ஆர்னோர் என்ற பழைய வடக்கு அரசு மூன்றாம் யுகம் 861 இல் மூன்றாக உடைந்தபோது மூன்று அரசுகளும் முட்டிக்கொண்டது அமோன் சூல் என்ற ஒரு குன்றுக்காக. காரணம், அதன் உச்சிக் கோபுரத்தில் இருந்த தூரம் காட்டும் கல். மற்றப் பக்கங்களில் அவ்வளவு சண்டை இல்லை.

4. சாட்சிகளைத் தரம் பிரியுங்கள். கதைக்குள் ஒரு பாத்திரம் சொல்வது, கதைசொல்லி சொல்வது, பின்னிணைப்பு, படைத்தவர் இறந்தபின் வந்த குறிப்பு, படம். ரோஹானின் முக்கோணத்தைப் பற்றிய மிகத் தெளிவான வாசகம் 1980 இல், அவர் இறந்து ஏழு வருடம் கழித்து வந்தது. அதை ஏற்காதவர் இருக்கலாம். ஆனால் ஏற்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

சொந்தமாக உலகம் படைத்து வன்னிப் பாங்கில் வரைபடம் கீறுகிறவர்களுக்கும் இது உதவும். வயலும் குளமும் உள்ள பக்கம் முழுக்கோடு போடுங்கள். திறை கொடுத்தும் கொடாமலும் இருக்கும் பற்றுகளுக்குப் புள்ளிக்கோடு போதும். காட்டுப் பக்கத்தில் கோடே வேண்டாம், மரங்களைக் கீறி அங்கிருக்கும் தலைவனின் பெயரை மட்டும் எழுதுங்கள், நொக்ஸின் படத்தில் உள்ளதுபோல. படத்தின் மூலையில் ஆண்டையும், யாருடைய கச்சேரியில் கீறிய படம் என்பதையும் போட மறக்காதீர்கள். பக்கத்து அரசின் கச்சேரியில் அதே ஆண்டில் கீறிய இரண்டாவது படம் ஒன்றும் வேண்டும். இரண்டு படமும் பொருந்தாத துண்டு நிலத்திலிருந்து கதையைத் தொடங்கலாம்.